தைராய்டு புற்றுநோய்: மரபணு ரிப்போர்ட்டையும் மார்க்கர் எண்களையும் படிப்பது எப்படி?

சித்தியின் ரிப்போர்ட் போனில் வந்தபோது எல்லோரும் பார்த்தது ஒரே வரியைத்தான். தைரோகுளோபுலின்: 0.1-க்கும் கீழ். அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. குடும்பக் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்த வரிக்கு நேர் கீழே இன்னொரு வரி இருந்தது. தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள்: 412. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. அடுத்த சந்திப்பில் டாக்டர் பேனாவை எடுத்து இரண்டு வரிகளையும் சேர்த்து ஒரு கட்டம் போட்டார். "கீழே இருக்கிறது இவ்வளவு அதிகமாக இருந்தால், மேலே இருக்கிறதை நம்பக் கூடாது" என்றார்.

அதன்பிறகு அந்தக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: தைராய்டு புற்றுநோயில் வரும் ஒவ்வொரு காகிதமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அதனிடம் வேறு கேள்வியைக் கேட்டால் வீண் பயமோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும். எந்தக் காகிதத்திடம் என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். டாக்டர் முன்னால் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தைச் சரியாகப் பயன்படுத்த உதவினால் போதும்.

படி 1: எந்த செல்லில் பிறந்த புற்று?

தைராய்டில் இரண்டு வகைக் குடித்தனம் உண்டு. பெரும்பான்மை ஃபாலிக்குலர் செல்கள். அயோடினை இழுத்துவந்து, தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் கோத்து, தைராய்டு ஹார்மோனைத் தயாரிப்பவை இவை. நடுநடுவே சிதறிக் கிடக்கும் சி செல்கள் சிறுபான்மை. அவற்றுக்கும் அயோடினுக்கும் சம்பந்தமே இல்லை. அவை சுரப்பது கால்சிடோனின் என்ற வேறொரு ஹார்மோன்.

ஃபாலிக்குலர் செல்லிலிருந்து வருபவை பாப்பிலரி, ஃபாலிக்குலர், ஆன்கோசைட்டிக் வகைகள். மிக அரிதாக வந்தாலும் மிக மூர்க்கமான அனாபிளாஸ்டிக் வகையும் இதே கிளைதான். நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பது பாப்பிலரி. சி செல்லிலிருந்து வருவது மெடுல்லரி. அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது.

இந்தப் பிரிவு தெரியாமல் அடுத்த காகிதத்தைத் தொடவே கூடாது. மெடுல்லரி உள்ளவருக்கு தைரோகுளோபுலின் பார்த்துப் பயனில்லை, கதிரியக்க அயோடின் கொடுத்தும் பயனில்லை, ஏனென்றால் சி செல் அயோடினை எடுப்பதே இல்லை. பாப்பிலரி உள்ளவரைக் கண்காணிக்கக் கால்சிடோனின் உதவாது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பேத்தாலஜி ரிப்போர்ட்டில் கட்டியின் வகை என்று இருக்கும் வரியைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஊசிச் சோதனையில் இரண்டும்கெட்டான் பதில் வந்தால்

கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசியை விட்டு செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையின் முடிவை பெதெஸ்டா என்ற முறைப்படி ஆறு பிரிவாகச் சொல்வார்கள். இரண்டு என்றால் புற்று அல்லாத கட்டி. ஆறு என்றால் புற்று. ஒன்று என்றால் போதிய செல் கிடைக்கவில்லை, திரும்பக் குத்த வேண்டும். தலைவலி மூன்றிலும் நான்கிலும்தான். அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்ற நிலை அது.

மரபணுச் சோதனை முதலில் பயன்படுவது இங்கேதான். ஊசியில் வந்த அதே செல்களில் பிராஃப் வி600ஈ என்ற பிறழ்வு தெரிந்தால் அது பாப்பிலரி புற்று என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ராஸ் பிறழ்வு தெரிந்தால் அப்படிச் சொல்ல முடியாது. சாதாரணக் கட்டியிலும் ராஸ் வரும், புற்றிலும் வரும். முன்பு புற்று என்று அழைக்கப்பட்டு, 2016-இல் அந்தப் பெயரே நீக்கப்பட்ட ஒரு சாதுவான கட்டி வகையிலும் ராஸ் சகஜம். ஆகவே 'மரபணு மாற்றம் உள்ளது' என்ற வாசகத்தோடு நிற்காமல் எந்த மரபணு என்று பாருங்கள். அஃபிர்மா, தைரோசெக் என்ற பெயர்களில் பல மரபணுக்களை ஒரே சமயத்தில் பார்க்கும் சோதனைகளும் உண்டு. அவற்றின் பெரிய பயன், தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது.

அதே ஊசியை வைத்து இன்னொரு எளிய வேலையும் செய்யலாம். கழுத்தின் பக்கவாட்டு நிணநீர்க் கணுவில் குத்திய ஊசியை உப்புநீரில் அலசி, அந்தத் தண்ணீரில் தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிணநீர்க் கணுவில் தைரோகுளோபுலினுக்கு வேலையே கிடையாது. அது அங்கே தாராளமாக இருந்தால் தைராய்டு செல் அங்கே போயிருக்கிறது என்று பொருள். மெடுல்லரி என்று சந்தேகித்தால் இதே அலசல் நீரில் கால்சிடோனின் பார்ப்பார்கள். விலை உயர்ந்த மரபணுச் சோதனைகளைப் பற்றிப் பேசுமளவுக்கு இந்தச் சின்னத் தந்திரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரத்தத்தில் தைரோகுளோபுலின் பார்த்து 'புற்றா இல்லையா' என்று தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது. ஆரோக்கியமான தைராய்டும் அதைச் சுரக்கிறது. சாதாரண வீக்கத்திலும் அழற்சியிலும்கூட எகிறும். இந்த ஒரு எண்ணைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: பிறழ்வு கட்டியிலா, இரத்தத்திலா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணுப் பிறழ்வு இரண்டு விதம். முதலாவது, வாழ்நாளில் ஏதோ ஒரு தைராய்டு செல்லில் நேர்ந்து, அந்த செல் பெருகிக் கட்டியானபின் கட்டிக்குள் மட்டும் இருப்பது. அது பிள்ளைகளுக்குப் போகாது, அக்கா தங்கைக்கு இருக்காது. இரண்டாவது, கருவிலேயே வந்து உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது. அது பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம், பிள்ளைகளுக்கும் போகலாம். முதலாவதைக் கட்டிப் பிறழ்வு என்றும் இரண்டாவதைப் பரம்பரைப் பிறழ்வு என்றும் சொல்லிக்கொள்வோம்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது? 'மாதிரி' என்ற இடத்தைப் பாருங்கள். பாரஃபின் பிளாக், கட்டித் திசு, ஊசி மாதிரி என்று இருந்தால் அது கட்டியைப் பற்றிய ரிப்போர்ட். இரத்தம், உமிழ்நீர் என்று இருந்தால் பெரும்பாலும் பரம்பரையைப் பற்றியது. பாரஃபின் பிளாக் என்பது மெழுகில் பதித்துவைத்த திசுத்துண்டு. தீப்பெட்டியைவிடச் சிறியது. அறுவை சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆனபின்னும் அதிலிருந்து சீவி எடுத்துச் சோதனை செய்யலாம். அதனால் அது எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

சித்தியின் கட்டியில் பிராஃப் வி600ஈ இருந்தது. 'மரபணு மாற்றம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவருடைய மகள், தனக்கும் தன் பிள்ளைக்கும் சோதனை செய்ய வேண்டுமா என்று இரவெல்லாம் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தாள். தேவையே இருக்கவில்லை. பிராஃப் வி600ஈ பரம்பரையாக வருவது அல்ல. மாதிரி என்ற இடத்தில் 'பாரஃபின் பிளாக்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

ஒரு சிறு எச்சரிக்கை. கட்டியில் செய்த சோதனையில் ரெட், பிடென் மாதிரியான மரபணுக்களில் பிறழ்வு தெரிந்தால், அது கட்டியோடு நிற்கிறதா, பரம்பரையா என்பதை அந்தச் சோதனை மட்டுமே சொல்லிவிடாது. அப்போது இரத்தத்திலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

படி 4: கட்டி ரிப்போர்ட்டில் வரும் பெயர்கள்

பிராஃப் முதலில். 2014-இல் வெளியான டி.சி.ஜி.ஏ. என்ற புற்று மரபணுத் திட்டத்தின் ஆய்வு 496 பாப்பிலரி கட்டிகளை அலசியது. ஏறக்குறைய 60 சதவீதக் கட்டிகளில் பிராஃப் பிறழ்வு இருந்தது. அவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்று மரண ஓலையாக இருக்க முடியாது. பாப்பிலரி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள், பிராஃப் உள்ளவர்களும் அதில் அடக்கம். செல்லுக்குள் 'பெருகு' என்ற கட்டளையைக் கடத்தும் பாதையில் பிராஃப் ஒரு சுவிட்ச். 600-ஆவது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்ததும் அந்த சுவிட்ச் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அது எரியும்வரை அயோடினை இழுக்கும் பம்பு மங்கும். இந்த வகைக் கட்டிகள் சில நேரம் கதிரியக்க அயோடினுக்கு மசியாததற்கு இதுவே காரணம்.

நான் உண்மையிலேயே கவனிக்கச் சொல்வது டெர்ட் என்ற பெயரை. அந்த மரபணுவை இயக்கும் முகப்பில் சி228டி அல்லது சி250டி என்ற மாற்றம் இருந்தால், செல் தன் ஆயுள் கணக்கை மறந்துவிடுகிறது. குரோமோசோம் நுனிகள் ஒவ்வொரு பிரிதலிலும் தேய வேண்டும், ஆனால் தேயாமல் புதுப்பிக்கப்படும். பிராஃபும் டெர்ட்டும் ஒரே கட்டியில் சேர்ந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பும் பரவும் வாய்ப்பும் தெளிவாகக் கூடுகிறது. கண்காணிப்பை இறுக்கச் சொல்லும் கூட்டணி அது. டிபி53 பிறழ்வு அனாபிளாஸ்டிக் பக்கம் சாய்ந்த கட்டிகளில் அதிகம்.

ராஸ் பிறழ்வும், பாக்ஸ்8-பிபார்ஜி என்ற இணைவும் ஃபாலிக்குலர் வகையில் சகஜம். இணைவு என்றால் இரண்டு மரபணுக்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொள்வது. பாப்பிலரியில் ரெட் இணைவும் என்.டி.ஆர்.கே. இணைவும் வரும். கதிர்வீச்சு பட்ட குழந்தைகளிடம் இணைவுகள் அதிகம். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப்பின் குழந்தைகளுக்கு வந்த பாப்பிலரி கட்டிகளில் ரெட் இணைவு நிறையக் காணப்பட்டது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். பாப்பிலரி கட்டியில் வரும் 'ரெட் இணைவு' பரம்பரை அல்ல. மெடுல்லரியில் வரும் 'ரெட் புள்ளிப்பிறழ்வு', அதாவது மரபணுவில் ஒரே எழுத்து மாறுவது, பரம்பரையாக இருக்கலாம். மரபணு ஒன்றே, கதை வேறு. இணையத்தில் ரெட் என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும்.

இந்தப் பெயர்களால் சிகிச்சையில் என்ன மாறும்? நோய் கழுத்தோடு நின்று, அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டால் அயோடினும் போதும் என்ற நிலையில் பெரும்பாலும் ஒன்றும் மாறாது. ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய பாப்பிலரிக்கு முழு மரபணுப் பட்டியல் எடுக்கச் சொல்லி டாக்டரை நெருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பரவி, அயோடினுக்கும் அடங்காத நோயில் நிலைமை வேறு. ரெட் பிறழ்வோ இணைவோ இருந்தால் 2020-இல் அனுமதி பெற்ற செல்பெர்காட்டினிப், என்.டி.ஆர்.கே. இணைவு இருந்தால் 2018-இல் வந்த லாரோட்ரெக்டினிப் என்று குறி பார்த்து அடிக்கும் மருந்துகள் இருக்கின்றன. அனாபிளாஸ்டிக்கில் பிராஃப் வி600ஈ இருந்தால் டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனாபிளாஸ்டிக் என்று சொன்ன நாளிலேயே பிராஃப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். முழு மரபணு ரிப்போர்ட் வர வாரங்கள் ஆகும், அந்த நோய் அதுவரை காத்திருக்காது. திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் முறையில் பிராஃப் பற்றி விரைவாகவே தெரிந்துவிடும்.

படி 5: மெடுல்லரி என்றால் வீடே சம்பந்தப்பட்டது

மெடுல்லரி வந்த நால்வரில் சுமார் ஒருவருக்கு அது பரம்பரை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, வயதும் ஆகிவிட்டது, ஆகவே பரம்பரையாக இருக்காது என்று ஊகிக்கக் கூடாது. அப்படித் தோன்றியவர்களிலும் சிலருக்கு இரத்தத்தில் ரெட் பிறழ்வு இருந்திருக்கிறது. எனவே மெடுல்லரி என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், வயது வித்தியாசம் பார்க்காமல், இரத்தத்தில் ரெட் சோதனை செய்ய வேண்டும் என்பதே வழிகாட்டுநெறி.

ரெட் மரபணு 10-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. 1993-இல்தான் அதற்கும் மென் 2ஏ என்ற குடும்ப நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியானது. பெற்றோரில் ஒருவரிடம் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. தலைமுறை தாண்டிக் குதிப்பதும் இல்லை. பிறழ்வு வராத குழந்தை முழுமையாகத் தப்பியது, அதன் பிள்ளைகளும் தப்பினார்கள்.

மற்ற மரபணுக்களில் 'ஆபத்து கூடுதல்' என்று மங்கலாகச் சொல்வார்கள். ரெட்டில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதை வைத்தே எந்த வயதில் அறுவை சிகிச்சை என்று சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் 'கோடான்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பதைச் சொல்லும் எண் அது.

918 என்றால், அதாவது எம்918டி என்றால், மிக உயர்ந்த ஆபத்து. மென் 2பி என்ற நிலை. குழந்தையின் முதல் வயதுக்குள் தைராய்டை எடுத்துவிட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் நெறிமுறை. சிக்கல் என்னவென்றால் இது பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது, அதனால் யாரும் தேடுவதில்லை. அழும்போது கண்ணீர் வராத கைக்குழந்தை, தீராத மலச்சிக்கல், பிறகு உதட்டிலும் நாக்கு நுனியிலும் சின்னச் சின்ன மொட்டு போன்ற முடிச்சுகள், வயதுக்கு மீறி நீண்ட கை கால். இவை சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவரிடம் ரெட் என்ற சொல்லை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

634 என்றால் உயர்ந்த ஆபத்து. ஐந்து வயதிலோ அதற்கு முன்னரோ அறுவை சிகிச்சை. இது மென் 2ஏ-யின் பொதுவான வடிவம். இவர்களில் சிலருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஓயாத அரிப்பும் தடிப்பும் வரும். தோல் டாக்டரிடமே வருடக்கணக்கில் போய்க்கொண்டிருப்பார்கள். 804, 790 போன்ற மற்ற பல கோடான்கள் மிதமான ஆபத்துப் பிரிவு. அங்கே வயதை மட்டும் பார்க்காமல் கால்சிடோனின் ஏறுகிறதா என்றும் பார்த்து நாள் குறிப்பார்கள்.

மென் 2 என்றால் தைராய்டோடு முடிவதில்லை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வரலாம். 634-இல் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வரும். அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்து தைராய்டு அறுவை சிகிச்சை செய்தால் இரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளைப் பார்த்து, கட்டி இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டுத்தான் கழுத்துக்கு வருவார்கள். மெட்டாநெஃப்ரின் பார்த்தாயிற்றா என்று அறுவை சிகிச்சைத் தேதி கொடுக்கும் முன்பே கேளுங்கள். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியிலும் தொல்லை வரலாம் என்பதால் கால்சியமும் பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயம்: 'பொருள் தெளிவாகாத மாறுபாடு' என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்துக் குழந்தையின் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. அது பிறழ்வு என்ற தீர்ப்பு அல்ல. மரபியல் ஆலோசகரிடம் காட்டி, பின்னாளில் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.

படி 6: பாப்பிலரி குடும்பத்தில் ஓடுமா?

சில நேரம் ஓடும். ஆனால் மெடுல்லரி மாதிரி ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியாது. பாப்பிலரி பரவலாக வரும் நோய் என்பதால் ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவது தற்செயலாகவும் இருக்கலாம். நெருங்கிய உறவில் மூன்று பேர் என்றால் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறை வரைபடம் போடுங்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்று என்று எழுதுங்கள். தைராய்டை மட்டும் எழுதாதீர்கள். மார்பகம், கருப்பை, பெரிய தலை சேர்ந்தால் பிடென் மரபணுவால் வரும் கௌடன் நோய்க்குறியை டாக்டர் யோசிப்பார். பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் என்றால் ஏபிசி மரபணு. சின்ன வயதிலேயே பல முடிச்சுகளோடு வீங்கிய தைராய்டும், குழந்தையின் நுரையீரல் கட்டியும் ஒரே குடும்பத்தில் இருந்தால் டைசர்1. இந்தத் தாள் எந்த ரிப்போர்ட்டுக்கும் குறைந்தது அல்ல, செலவும் கிடையாது.

படி 7: தைரோகுளோபுலின்

மறுபடியும் சித்தியின் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

தைராய்டு முழுவதையும் எடுத்து, அயோடினும் கொடுத்தபின் உடம்பில் தைரோகுளோபுலின் சுரக்க நல்ல செல் எதுவும் மிச்சமில்லை. அதன்பிறகு அது தென்பட்டால் மிச்சத் திசுவோ நோயோ எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அறுவை சிகிச்சைக்கு முன் ஒன்றுக்கும் உதவாத எண், பின்னால் கையிலிருப்பதிலேயே கூர்மையான கருவியாகிவிடுவது இப்படித்தான். ஆனால் அதை நம்புவதற்கு முன் ஆறு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

எப்போது எடுத்தது? இரத்தத்தில் இருக்கும் தைரோகுளோபுலின் பாதியாகக் குறையவே ஓரிரு நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகும். அறுவை சிகிச்சை முடிந்த அடுத்த வாரமே எடுத்தால் பழைய மிச்சத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். குறைந்தது மூன்று, நான்கு வாரமாவது போக வேண்டும்.

அப்போது டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், எவ்வளவு? தைராய்டு ஹார்மோன் மாத்திரையால் டி.எஸ்.எச். அடங்கியிருக்கும்போது தைரோகுளோபுலினும் அடங்கியிருக்கும். மாத்திரையை நிறுத்தியோ, டி.எஸ்.எச். ஊசி போட்டோ தூண்டிய நிலையில் அது ஏறும். இரண்டு நிலையிலும் எடுத்த எண்களைப் பக்கத்தில் வைத்து 'ஐயோ, கூடிவிட்டது' என்று பதறக் கூடாது. தைராய்டு முழுவதும் எடுத்து அயோடினும் முடித்தவர்களுக்கு, அடங்கிய நிலையில் 0.2 நானோகிராமுக்குக் கீழ், தூண்டிய நிலையில் 1-க்குக் கீழ், ஸ்கேனும் சுத்தம் என்றால் மிக நல்ல பலன் என்று 2015-இல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்க நெறிமுறை வகைப்படுத்தியது. அடங்கிய நிலையில் 1-ஐத் தொட்டாலோ, தூண்டியபோது 10-ஐத் தொட்டாலோ தேடிப் பார்க்க வேண்டிய நிலை.

பாதித் தைராய்டு மட்டும் எடுத்தவரா? அப்படியென்றால் மீதிப்பாதி தன் பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். மேலே சொன்ன எல்லைகள் அவருக்குப் பொருந்தா. இதை மறந்துவிட்டுப் பதறுகிறவர்கள் ஏராளம்.

அதே லேப்தானா? இரண்டு கருவிகள் ஒரே இரத்தத்தில் வேறு வேறு எண் காட்டும். சலுகை கிடைக்கிறது என்று லேப் மாற்றினால் வருடக்கணக்கில் சேர்த்த தொடர்ச்சி அறுந்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருமுறை இரண்டிலும் ஒரே நாளில் எடுத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அலகு குழப்பினால் கவலை வேண்டாம், மில்லிலிட்டருக்கு நானோகிராமும் லிட்டருக்கு மைக்ரோகிராமும் ஒன்றேதான்.

எதிர்ப்பொருள் எவ்வளவு? இதுதான் நாங்கள் தவறவிட்டது. இந்தப் புற்று உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும். அது தைரோகுளோபுலினைப் பிடித்து மூடிக்கொள்வதால் வழக்கமான கருவியால் அதைக் காண முடியாது. திருடனைப் போர்வைக்குள் ஒளித்து வைத்துவிட்டு வீட்டில் யாருமில்லை என்று சொல்வது மாதிரி. எண் 0.1 என்று வரும், உண்மையில் எவ்வளவோ இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருப்பவருக்கு எதிர்ப்பொருளே மார்க்கர், அதாவது நோயின் போக்கைக் காட்டும் இரத்த அளவு, ஆகிவிடுகிறது. தூண்டிவிட தைராய்டு திசு இல்லாதபோது அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும், மறைய மூன்று வருடம்கூட ஆகலாம். இறங்கிக்கொண்டே வந்தால் நல்லது. ஏறினால் தேட வேண்டும். அயோடின் கொடுத்த பிறகு சில மாதங்களுக்குத் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு, அதற்குப் பதற வேண்டாம்.

கடைசியாக ஒன்று, ஆஸ்பத்திரியில் அதிகம் கேட்கமாட்டார்கள்: முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை. பல கருவிகள் பயோட்டினைப் பிடிமானமாக வைத்தே வேலை செய்கின்றன. அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டிருந்தால் தைரோகுளோபுலினும் டி.எஸ்.எச்.சும் பொய்யாகக் குறைந்து தெரியலாம். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

படி 8: கால்சிடோனினும் சி.இ.ஏ.வும்

மெடுல்லரிக்கு இவை இரண்டும் ஜோடி மார்க்கர்கள். கால்சிடோனின் 100 பிகோகிராமைத் தாண்டினால் மெடுல்லரி என்ற சந்தேகம் வலுவாகிறது. 10-க்கும் 100-க்கும் இடையில் வேறு காரணங்களும் இருக்கலாம்: சிறுநீரகச் செயலிழப்பு, அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகள், புகைப்பழக்கம். ஆணுக்குப் பெண்ணைவிட இயல்பாகவே சற்று அதிகம், கைக்குழந்தைக்கு இன்னும் அதிகம். கால்சிடோனின் அறை வெப்பத்தில் சிதையும் பொருள். இரத்தம் எடுத்த குழாய் ஐஸில் போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் 500-க்கு மேல் இருந்தால் கழுத்துக்கு அப்பாலும் ஸ்கேன் எடுப்பார்கள். பின்னால் மூன்றாவது மாதத்தில் முதல் அளவு. அப்போது 150-க்குக் கீழ் ஆனால் பூஜ்யம் இல்லை என்றால் மிச்சம் பெரும்பாலும் கழுத்துக்குள்ளேயே இருக்கும். 150-ஐத் தாண்டினால் ஈரல், எலும்பு, நுரையீரல் வரை தேடுவார்கள்.

அதன்பின் ஒற்றை எண்ணைவிட அது இரட்டிக்க எடுக்கும் காலம்தான் முக்கியம். ஒருவரின் கால்சிடோனின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60, 75, 94, 118 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கால்வாசி கூடுகிறது. கணக்குப்போட்டால் இரட்டிக்கச் சுமார் 18, 19 மாதம். வேறொருவருக்கு 900-த்திலேயே வருடக்கணக்கில் நிற்கிறது. 118-ஐவிட 900 பெரிய எண்தான், ஆனால் டாக்டர் முதலாமவரைத்தான் அடிக்கடி வரச் சொல்வார். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் நோய் வேகமானது, இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் பொதுவாக மெதுவானது. கணக்கு நம்பகமாக இருக்க நான்கு அளவுகளாவது தேவை.

சி.இ.ஏ.வுக்கும் இதே கணக்கு உண்டு. குடல் புற்றில் பயன்படும் அதே மார்க்கர்தான் இது, புகை பிடிப்பவருக்கும் கொஞ்சம் கூடும். கால்சிடோனின் இறங்கிக்கொண்டிருக்க சி.இ.ஏ. மட்டும் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். புற்று செல்கள் சி செல்லின் குணத்தையே இழந்து முரடாகிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறார்கள்.

படி 9: ஒரு நோட்டு

நான் போட்ட நோட்டில் ஆறு கட்டம்: தேதி, லேப், டி.எஸ்.எச்., தைரோகுளோபுலின், எதிர்ப்பொருள், ஸ்கேன். மெடுல்லரி என்றால் நடுவில் உள்ள மூன்று கட்டங்களை எடுத்துவிட்டு கால்சிடோனின், சி.இ.ஏ. போட்டுக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் கட்டியின் வகை, கட்டிப் பிறழ்வு, பரம்பரைப் பிறழ்வு என்று மூன்று வரி. பார்க்காததை 'இல்லை' என்று எழுதாமல் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். இரண்டும் வேறு.

சித்தியின் எதிர்ப்பொருள் கட்டத்தில் 412-க்குக் கீழே 290 என்று எழுதினேன். அதற்கும் கீழே 171. போன மாதம் 96. தைரோகுளோபுலின் கட்டத்தில் இப்போதும் 0.1-க்கும் கீழ் என்றே வருகிறது, அதைக் குடும்பக் குழுவில் போடுவதை நிறுத்திவிட்டோம். 96-ஐத்தான் போட்டோம்.